சுருதியைக் காட்டும் கருவியும் சுருதி கேட்கும் செவியும்

விஜயதசமி நாளில் பாட்டு, வயலின், வீணை வகுப்புகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், அடுத்த சில நாள்களிலேயே சில கேள்விகளை எதிர்கொள்கிறார்கள். சுருதிப்பெட்டி வாங்க வேண்டுமா, கைப்பேசிச் செயலியே போதுமா? சுருதி சேர்ந்திருக்கிறதா என்பதை முள்ளாலும் விளக்காலும் காட்டும் ட்யூனர் தேவையா? தாளத்துக்கு மெட்ரோனோம் வேண்டுமா? இணையக் கடைகளில் இவை எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்துவிடும் என்று தோன்றுவது இயல்பே.

உண்மையில் இவை இரு வேறு இனங்கள். ஒருவகைக் கருவி ஒலி எழுப்புகிறது. அதைக் காதால் கேட்டு, நாம் அதனுடன் இணைய வேண்டும். தம்புராவும் சுருதிப்பெட்டியும் மெட்ரோனோமும் இந்த வகை. மற்றொரு வகை நம் ஒலியை வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறது. அதைக் கண்ணால் பார்த்து நாம் திருத்திக்கொள்ள வேண்டும். ட்யூனர் இந்த வகை. தொடக்க நிலை மாணவருக்கு எதை, எந்த வரிசையில், என்ன வேலைக்காக வாங்குவது என்பதற்கான விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

பச்சை விளக்கு சொல்வது என்ன?: ட்யூனரின் வேலை எளியது. ஒலிவாங்கி வழியாகவோ, வாத்தியத்தில் கவ்விக்கொள்ளும் அதிர்வுணரி வழியாகவோ தனக்கு வந்துசேரும் ஒலி, வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று அது கணக்கிடுகிறது. அந்த எண்ணைத் தன்னுள் பதிந்துள்ள சுரப் பட்டியலுடன் ஒப்பிட்டு, மிக அருகிலுள்ள சுரத்தின் பெயரையும், அதிலிருந்து ஒலி எவ்வளவு ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்பதையும் காட்டுகிறது. விலகல் இல்லையென்றால் பச்சை விளக்கு எரிகிறது.

அந்தப் பட்டியல் இயற்கை தந்ததன்று; உடன்பாட்டால் வந்தது. 1859இல் பிரான்ஸ் அரசு ‘ஏ’ என்ற சுரத்தை 435 ஹெர்ட்ஸ் என்று நிர்ணயித்தது. 1939இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு அதை 440 ஆக்கியது. பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு 1955இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த 440ஐ அடிப்படையாகக் கொண்டு, ஒரு ஸ்தாயியை 12 சமபங்குகளாகப் பிரித்து மற்ற சுரங்கள் கணக்கிடப்படுகின்றன. ஒவ்வொரு பங்கும் 100 சென்ட். ஒரு ஸ்தாயி 1,200 சென்ட். பியானோவைப் போன்ற, சுரங்கள் நிலையாகக் கட்டப்பட்ட வாத்தியங்களில் எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட சமரசம் இது. அதற்காக ஒவ்வொரு சுரமும் தன் இயற்கையான விகிதத்திலிருந்து சற்றே நகர்த்தப்பட்டது.

எவ்வளவு நகர்த்தப்பட்டது என்பதுதான் நமக்கு முக்கியம். ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலான இயற்கை விகிதம் 2:3. சமபங்கு முறையில் பஞ்சமம் இதைவிட 2 சென்ட் மட்டுமே குறைவு. பெரும்பாலோர் காதுக்கு அது தெரியாது. ஆனால், அந்தர காந்தாரத்தின் நிலை வேறு. அதன் இயற்கை விகிதம் 4:5. சமபங்கு முறை அதை ஏறக்குறைய 14 சென்ட் உயர்த்திவிடுகிறது.

காந்தாரத்தின் சிக்கல்: கர்நாடக இசையில் முதல் பாடம் மாயாமாளவகௌளையில் அமைந்த சரளி வரிசை. அதில் வருவது அந்தர காந்தாரம். தொடக்கப் பாடத்தில் அதை அசைக்காமல் நேராகப் பாடுகிறோம். இனி கணக்கைப் பாருங்கள். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு சிறுமியின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதற்கான இயற்கைக் காந்தாரம் 245 ஹெர்ட்ஸ். ட்யூனர் பச்சை காட்டும் காந்தாரமோ ஏறக்குறைய 246.9 ஹெர்ட்ஸ். தம்புராவுடன் இழைந்து அவள் சரியாகப் பாடினால், “நீ இறங்கிப் பாடுகிறாய்” என்று கருவி சொல்லும். கருவிக்குக் கட்டுப்பட்டு அவள் குரலை உயர்த்தினால், விளக்கு பச்சையாகும். ஆனால், தம்புராவின் ஒலியுடன் அவள் குரல் உரசும். இரு ஒலிகளின் மேற்சுரங்கள் வினாடிக்கு எட்டு முறை அளவுக்கு மோதி விம்முவதைப் பழகிய காது உணரும். பாட்டியோ ஆசிரியரோ காரணம் சொல்லத் தெரியாமலேயே “ஏதோ ஒட்டவில்லையே” என்பது இந்த உரசலைத்தான்.

இதில் தம்புராவின் பங்கு வெறும் பின்னணி அன்று. அதன் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டினால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று அதிலிருந்து தானாக எழும். அதைச் சுயம்பு காந்தாரம் என்பர். தந்தியின் ஐந்தாவது மேற்சுரம் அது. இயற்கை விகிதத்தில் பிறப்பது. வளைந்த குதிரையும் தந்திக்கடியில் வைக்கப்படும் ஜீவா என்னும் நூலிழையும் சேர்ந்து இந்த மேற்சுரங்களைச் செழிக்க வைக்கின்றன. தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழவே கூடாது என்கிறது இயற்பியல் விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை எழுவதைக் கண்டு சர் சி.வி. ராமன் 1921இல் ஆய்வுரை எழுதினார். மாணவர் காந்தாரத்தைத் தேட வேண்டிய இடம் இந்த ஒலிக்குள்தான்.

இந்த விவாதம் புதிதன்று. ஆர்மோனியமும் இதே 12 சமபங்குகளில் கட்டப்பட்டது. கமகத்துக்கும் அதில் இடமில்லை. இக்காரணங்களைச் சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. தமிழ் நாடக மேடையில் கோலோச்சிய ஒரு வாத்தியத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி அது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆர்மோனியம் வாசித்தவர்கள் செவி இல்லாதவர்கள் அல்லர். ஆனால், அன்று வானொலி நிலையத்தின் வாயிலில் நடந்த விவாதம், இன்று விவாதமே இல்லாமல் ஒவ்வொரு வீட்டின் கைப்பேசிக்குள்ளும் முடிந்துவிட்டது. அந்தப் பட்டியல்தான் ‘சரியான சுருதி’ என்று பிள்ளைகள் நம்பத் தொடங்கியிருக்கிறார்கள்.

கமகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்தபடி இருப்பதே அதன் உயிர். ட்யூனரின் முள் அங்கே கிறுகிறுத்துப்போகும். ராகத்தை ட்யூனரில் சரிபார்க்க முயல்வது, நடனத்தை எடை போட்டுப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ட்யூனர் எங்கே தேவை?: இதனால் ட்யூனரே வேண்டாம் என்று பொருளில்லை. கித்தாரின் மெட்டுகள் சமபங்கு முறையில்தான் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதன் ஆறு தந்திகளை ட்யூனர் கொண்டு சேர்ப்பது பொருத்தமானதே. மேலை முறையில் வயலின் கற்கும் மாணவர் ‘ஏ’ தந்தியை 440இல் நிறுத்த அது உதவும். கர்நாடக முறையில் வயலினோ வீணையோ கற்பவருக்கும் ஒரு வேலையில் அது துணை: ஆதார ஷட்ஜத்தைத் தினமும் ஒரே இடத்தில் வைப்பது. மற்றத் தந்திகளை அந்த ஷட்ஜத்திலிருந்து காதால் சேர்க்கப் பழக வேண்டும்.

காதால் சேர்ப்பது மாயவித்தை அன்று. 196 ஹெர்ட்ஸில் ஒரு தந்தியும் 197 ஹெர்ட்ஸில் இன்னொரு தந்தியும் ஒலித்தால், சேர்ந்து வரும் ஒலி வினாடிக்கு ஒருமுறை விம்மித் தணியும். பிருடையைத் திருகத் திருக அந்த விம்மல் மெதுவாகி, இறுதியில் நின்றுவிடும். நின்ற இடம்தான் சுருதி. ஐந்து கட்டை அளவில் ஒரு சென்ட் என்பது 0.11 ஹெர்ட்ஸ் மட்டுமே. அந்த நுட்பத்தைக்கூட விம்மலின் வேகத்தை வைத்து ஒரு சிறுவனால் உணர முடியும்.

ட்யூனர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கித்தார் தந்திகளை மட்டும் அறியும் கருவியைத் தவிர்த்து, 12 சுரங்களையும் காட்டுவதை வாங்க வேண்டும். ஆதார அளவை 440இலிருந்து ஏற்றவும் இறக்கவும் வசதி வேண்டும். பலர் ஒரே நேரத்தில் வாசிக்கும் வகுப்பறையில் ஒலிவாங்கி குழம்பிவிடும். தந்தி வாத்தியங்களுக்குக் கவ்வும் வகையே நல்லது. புல்லாங்குழலுக்கும் குரலுக்கும் ஒலிவாங்கி உள்ள வகையே பயன்படும். ஒரு சென்ட் துல்லியம் மாணவருக்குத் தாராளம். பத்தில் ஒரு சென்ட் துல்லியத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது, வாத்தியம் செய்பவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும்தான் தேவை.

ட்யூனர் காட்டும் ஆங்கில எழுத்துகளுக்கும் நம் கட்டைகளுக்கும் உள்ள உறவு எளிது. ஒரு கட்டை என்பது சி; இரண்டு டி; மூன்று இ; நான்கு எஃப்; ஐந்து ஜி; ஆறு ஏ; ஏழு பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை ஆகியவை இடையிலுள்ள கருப்புக் கட்டைகள். இ, எஃப் ஆகியவற்றுக்கு நடுவில் கருப்புக் கட்டை இல்லாததால்தான் ‘மூன்றரைக் கட்டை’ என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் வாங்க வேண்டியது: பாடினாலும் வாசித்தாலும் முதலில் தேவைப்படுவது நல்ல தம்புரா ஒலிதான். பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண் தொடங்கிய ரேடல் போன்ற நிறுவனங்களின் மின்னணுத் தம்புராக்கள் பல்லாயிரம் வீடுகளுக்கு இந்த ஒலியைக் கொண்டு சேர்த்தன. இன்று அதே ஒலி செயலிகளாகவும் கிடைக்கிறது. எதைத் தேர்ந்தாலும் நான்கு வசதிகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சுருதியை அரைக் கட்டை அளவில் மட்டுமல்லாமல், மிக நுட்பமாகவும் ஏற்றி இறக்க முடிய வேண்டும். புல்லாங்குழல், நாகசுரம் கற்பவர்களுக்கு இது இன்றியமையாதது. காற்று சூடேறினால் அதில் ஒலியின் வேகம் கூடுகிறது. குழலின் சுருதியும் ஏறுகிறது. குளிரூட்டிய அறையில் ஓரிடத்திலும் சித்திரை வெயிலில் இன்னோரிடத்திலும் அதே குழல் பேசும். குழலுக்குப் பிருடை கிடையாது. பெட்டிதான் குழலுக்கு இணங்க வேண்டும்.

இரண்டாவது, பஞ்சமத்துக்குப் பதிலாக மத்தியமத்தை ஒலிக்கச் செய்யும் வசதி. புன்னாகவராளி, குறிஞ்சி போன்று மத்தியம சுருதியில் பாடப்படும் ராகங்களுக்கு இது வேண்டும். மூன்றாவது, தந்திகளைத் தனித்தனியே சரிசெய்யும் வசதி. நான்காவது, சுருதி நிலையாக நிற்பது. குமிழைத் திருகிச் சுருதி வைக்கும் பழைய பெட்டிகள் சிலவற்றில் சூடு ஏற ஏறச் சுருதி நகர்ந்துவிடும். பழைய பெட்டியை விலைக்கு வாங்குவோர் அரைமணி நேரம் ஒலிக்கவிட்டுச் சோதித்த பிறகே வாங்குவது நலம்.

செயலியைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் மறக்கும் செய்தி ஒன்று உண்டு. ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஷட்ஜம் அதில் பாதி. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி அந்த ஆழத்தில் பெரும்பாலும் ஊமை. கேட்பது மேற்சுரங்களின் மெல்லிய ரீங்காரமே. விலையுயர்ந்த செயலியைத் தேடுவதைவிட, ஓரளவு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை இணைப்பது பலமடங்கு பயன்தரும்.

இணைய வகுப்புகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஓயாமல் ஒலிக்கும் தம்புராவை மின்விசிறியின் இரைச்சலாகக் கருதி, காணொலிச் செயலிகள் அதை அடக்கிவிடுகின்றன. அந்த இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவைக்க வேண்டும். ஒலி போய்ச் சேரத் தாமதமாவதால், ஆசிரியரின் தம்புராவுக்கு மாணவர் பாட முடியாது. எனவே, மாணவரின் அறையில் அவருக்கென்று ஒரு தம்புரா ஒலித்தே ஆக வேண்டும். கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கும் இதுவே முதல் தேவை.

காலப்பிரமாணம்: மெட்ரோனோமின் கதை சுவையானது. 1814இல் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த வின்கெல் என்பவர் உருவாக்கிய ஊசல் அமைப்பை, மெல்ட்சல் என்பவர் அளவுகள் பொறித்துத் தன் பெயரில் 1815இல் காப்புரிமை பெற்றார். 1817இல் பீத்தோவன் தம் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் வேகங்களை வெளியிட்டார். எழுதியவர் அருகில் இல்லாதபோதும் அவர் எண்ணிய வேகத்தில் வாசிக்க வேண்டும் என்ற தேவைக்குப் பிறந்த கருவி அது. நம் மரபில் வேகத்தை எண்ணால் குறிப்பதில்லை. எடுத்த காலத்தை இறுதிவரை காப்பாற்றுவதே இங்கு சோதனை. அந்தச் சோதனைக்கு மெட்ரோனோம் நேர்மையான சாட்சி.

சரளி வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. நிமிடத்துக்கு 60 என்று வைத்தால், மூன்றாம் காலத்தில் வினாடிக்கு நான்கு சுரங்கள் வர வேண்டும். முதல் காலத்தை விரைவாகத் தொடங்கும் பிள்ளைகள், மூன்றாம் காலத்தில் தாளத்தை இழுத்து, தங்களை அறியாமலேயே சமாளித்துவிடுவார்கள். மெட்ரோனோம் வைத்தால் அது உடனே வெளிப்படும். 40இல் தொடங்கி, மூன்று காலமும் தெளிவாக வந்த பின்னரே சிறிது சிறிதாக ஏற்றுவது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது தாள வகைகளைத்தான். மேலை இசைக்கென்று செய்யப்பட்ட எளிய கருவிகள் இரண்டு, மூன்று, நான்கு என்று மட்டும் எண்ணும். ஆதி தாளத்துக்கு எட்டு, கண்டசாபுக்கு ஐந்து, மிஸ்ரசாபுக்கு ஏழு என அமைக்க முடிவதோடு, எந்த எண்ணில் அழுத்தம் விழ வேண்டும் என்பதையும் நாமே குறிக்க முடிய வேண்டும். மிஸ்ரசாபு மூன்றும் நான்குமாகப் பிரிவது. முதல் எண்ணில் மட்டும் அழுத்தம் தரும் கருவி அதன் நடையைக் காட்டாது. இவ்வளவும் இலவசச் செயலிகளிலேயே கிடைக்கிறது. இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

ஆனால், மெட்ரோனோமுடன் எப்போதும் பாடுபவர் தாளத்தைக் கற்பதில்லை. தாளத்தைப் பின்தொடரவே கற்கிறார். கையால் தாளம் போடுவதற்கு அது மாற்று ஆகாது. சரியாகப் பயன்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு ஆவர்த்தனம் அதனுடன் பாடுங்கள். பிறகு ஒலியை மட்டும் அடக்கிவிட்டு, கைத்தாளத்துடன் நான்கு ஆவர்த்தனம் பாடுங்கள். மீண்டும் ஒலியைத் திறக்கும்போது கையும் கருவியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். சந்தித்தால் அந்தக் காலப்பிரமாணம் மாணவருடையதாகிவிட்டது.

நாம் இழந்த இருக்கை: கருவிகள் தந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. நாகசுரக் குழுவில் இடைவிடாமல் சுருதி ஊதிய ஒத்துக் கலைஞரின் இடத்தைச் சுருதிப்பெட்டி பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. அத்துடன் ஒரு பிழைப்பும் போனது. கச்சேரி மேடையில் குருவுக்குப் பின்னால் தம்புராவுடன் அமர்ந்த சீடரின் இருக்கையும் குறைந்துகொண்டே வந்தது. அந்த இருக்கை அலங்காரத்துக்கானதன்று. கச்சேரி தொடங்குமுன் நான்கு தந்திகளைச் சேர்ப்பதும், ஜீவாவை நகர்த்தி நாதம் மலரும் இடத்தைக் கண்டுபிடிப்பதும், மணிக்கணக்கில் அந்த ஒலிக்குள் அமர்ந்திருப்பதும் ஒரு பயிற்சி. பொத்தானை அழுத்தினால் வரும் தம்புரா ஒலியைத் தருகிறது. அந்தப் பயிற்சியைத் தருவதில்லை.

இழந்ததை முழுவதும் மீட்க முடியாமல் போகலாம். அடுக்குமாடி வீட்டில் எல்லோரும் தம்புரா வைத்துக்கொள்வதும் இயலாது. ஆனால், மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் தனியார் இசைப் பள்ளிகளும் வாரத்துக்கு ஒரு வகுப்பையாவது மின்னணுக் கருவி எதுவும் இல்லாமல் நடத்தலாம். அன்று ஒவ்வொரு மாணவரும் முறை வைத்துத் தம்புராவைச் சேர்க்க வேண்டும். சேர்ந்ததா என்பதை ட்யூனர் அல்ல, மற்ற மாணவர்களின் காதுகள் சொல்ல வேண்டும். தேர்வுகளிலும் போட்டிகளிலும் சுருதி சேர்க்கும் திறனுக்கு மதிப்பெண் ஒதுக்கினால், பெற்றோரும் அதை ஒரு பாடமாகவே கருதத் தொடங்குவார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது அதைவிட எளிது. முதல் ஆண்டில் நல்ல தம்புரா ஒலியும் அதைச் சரியாகக் கேட்க வைக்கும் ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுங்கள். இரண்டாம் காலம் பாடத் தொடங்கும்போது மெட்ரோனோமை அறிமுகப்படுத்துங்கள். ட்யூனரைத் தந்தி வாத்தியம் கற்கும் பிள்ளைக்கு மட்டும், ஆதார ஷட்ஜம் வைக்க மட்டும் கொடுங்கள். ஷட்ஜம் வைத்து முடிந்ததும் அது அணைக்கப்பட்டு உறைக்குள் போக வேண்டும். பிறகு, பத்து நிமிடம் பாடாமலும் வாசிக்காமலும் பிள்ளை தம்புராவைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அந்த நேரம் வீணாவதாகத் தோன்றும். சில வாரங்களில் ஒரு நாள், “அம்மா, இதற்குள் ‘க’ கேட்கிறது” என்று அந்தப் பிள்ளை வந்து சொல்லும்.